போன வருஷத்துப் பஞ்சாங்கம்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேன்டீன் ஆமான் அக்கா நீர் விளையாட்டுப் பூங்காவின் பம்ப் அறைக்குள் நுழைந்தபோது சின்தே மூன்றாம் நம்பர் பம்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். அவனுடைய ரப்பர் செருப்புகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. ஆமான் அக்கா அந்தச் செருப்புகளிடமே பேச ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு எதிராளியின் முகம் முக்கியமில்லை, காது இருந்தால் போதும்.

"ஏண்டா தே, வர்ற ஞாயித்துக்கிழமை என்ன நாளுன்னு இங்க யாருக்காச்சும் தெரியுமா?"

"திறப்பு விழாக்கா," என்றது பம்புக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"யாருக்குத் திறப்பு விழா? நமக்கா, அவங்களுக்கா?"

சின்தே நகர்ந்து வெளியே வந்தான். நெற்றியெல்லாம் கிரீஸ். 'அவங்களுக்கா' என்ற சொல் மண்டைக்குள் போய் இறங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, நிலாக் கணக்கில் ஏழாம் மாதம் முதல் தேதி. பாதாளத்தின் கதவைத் திறந்து செத்தவர்கள் எல்லோரையும் ஒரு மாதத்துக்கு வெளியே விடுகிற நாள். அந்த மாதத்தில் பேய் என்ற சொல்லை ஹாய்டுன் ஊரில் ஒருவரும் வாயில் எடுக்க மாட்டார்கள். நல்லண்ணன்மார் என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். கல்யாணம் கிடையாது, வீடு குடிபுகுதல் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர்ப் பக்கம் போவது கிடையவே கிடையாது. தண்ணீரில் செத்தவன் தன் இடத்துக்கு இன்னொருவனை இழுத்துப் போட்டால்தான் அவனுக்கு விடுதலை என்பது ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாளில், ஒரு ஊரையே நனைக்கிற அளவு தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு, வாருங்கள் குதியுங்கள் என்று அழைப்பு விட்டிருக்கிறார்கள்.

கோ மேனேஜர் இரண்டு கையிலும் இரண்டு போனோடு ஓடி வந்தான். தைபேயிலிருந்து வந்தவன், இருபத்தொன்பது வயது, இந்தத் தென்கோடிப் பிங்துங் கரை வெயிலில் மூக்குத் தோல் உரிந்த பையன். "அண்ணே, முன்பதிவு செஞ்சவங்க எல்லாம் வரிசையா வேணாங்கறாங்க. ஒரு அம்மா என்னைய கொலகாரன்னு திட்டிட்டு போனை வச்சிருச்சு. நான் பஞ்சாங்கம் பாத்துத்தானே தேதி போட்டேன்?"

"எந்தப் பஞ்சாங்கம்?" என்றாள் ஆமான் அக்கா.

கோ சுவரைக் காட்டினான். ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தின் அட்டையில் கொழுத்த முயல் ஒன்று கேரட்டைக் கட்டிக்கொண்டு சிரித்தது. இது டிராகன் வருஷம். முயல் போன வருஷத்தோடு போய்விட்டது.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. ஜூலை முதல் வாரமே திறந்திருக்க வேண்டிய பூங்கா அது. சோதனைக்கு வந்த அதிகாரி கைப்பிடிக் கம்பி நாலு சென்டிமீட்டர் குட்டை என்று நிறுத்தி வைத்துவிட்டார். எல்லாக் கம்பியையும் பிடுங்கி மாற்றி, மறு சோதனை முடிந்து, புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் லைசென்ஸ் வந்தது. தலைநகரத்துப் பையனுக்கு வழக்கம் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே கோ பஞ்சாங்கத்தைத் தேடிப் பம்ப் அறைக்கு ஓடி வந்தான். ஆகஸ்ட் நான்காம் தேதிக்குக் கீழே 'கடை திறக்க, நண்பரைச் சந்திக்க, நீராட நன்று' என்று அச்சாகியிருந்தது. நீராடவே நன்று என்று போட்டிருந்தால் யார்தான் மயங்க மாட்டார்கள்? போன வருஷம் நல்லண்ணன்மார் மாதம் பன்னிரண்டு நாள் தள்ளி வந்தது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? "அண்ணே, நாலாம் தேதி நல்லாருக்கா?" என்று கேட்டிருக்கிறான். வாயில் ஸ்பானரைக் கவ்விக்கொண்டிருந்த சின்தே திரும்பிக்கூடப் பார்க்காமல் "உம்" என்றிருக்கிறான். அந்த 'உம்'மை நம்பிப் பையன் அன்றைக்கே ஊரெல்லாம் அறிவித்து, பேனரும் அடித்துவிட்டான்.

புதுப் பஞ்சாங்கம் இல்லாமலும் இல்லை. சின்தேயின் மனைவி பீயுன் ஜனவரி மாதமே விவசாயிகள் சங்கத்தில் வாங்கி, இதைப் பம்ப் அறையில் மாட்டு என்று கொடுத்தனுப்பியிருந்தாள். அது குளோரின் அலமாரியின் ஆடுகிற காலுக்கு அடியில், நான்காக மடிந்து, ஏழு மாதமாக அலமாரியைத் தாங்கிக்கொண்டிருந்தது. சின்தே அதைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான்.

"தள்ளி வச்சிரலாமா?" என்றான் கோ, அழுகிற குரலில்.

"எங்க தள்ளுவ?" என்றாள் ஆமான் அக்கா. "மாசம் முழுக்க அவங்க மாசம். அது முடிஞ்சா ஸ்கூல் திறந்துரும். அப்புறம் அடுத்த வருஷந்தான். அதுவரைக்கும் உன் திமிங்கலத்த என்ன பண்ணுவ, உப்புக் கண்டம் போடுவியா?"

திமிங்கலம் என்றது பூங்காவைத்தான். கடல் தண்ணீர் ஏறிப் பாழாய்ப் போன மீன் குட்டைகளின் மேல் எழுப்பிய பூங்கா. நடுவில் நாலு மாடி உயரத்துக்கு நீலத் திமிங்கலம். வால் வழியாக மிதவையில் உட்கார்ந்தால் வயிற்றுக்குள் மூன்று சுற்றுச் சுற்றி, வாய் வழியாகக் குளத்தில் வந்து விழலாம். அதன் ஒவ்வொரு குழாயும் சின்தேக்கு அத்துப்படி. இரண்டு வருஷமாக அவன் மகள் யோஷினுக்கும் அத்துப்படி, படம் வரைந்து வரைந்து. வாலிலிருந்து முதலில் இறங்குவது நீதான் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாக்குக்குப் பீயுனைச் சம்மதிக்க வைக்க அவனுக்கு ஆறு மாதம் பிடித்தது. சம்மதித்தபோது அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: ஏழாம் மாதத்தில் கூடாது.

அன்று சாயங்காலம் சின்தே வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தேவைக்கு மேல் நேரமெடுத்து ஹெல்மெட்டைக் கழற்றினான். பீயுன் பள்ளிக்கூடத்துக்கு எதிரே காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறாள். ஊரில் எந்தச் செய்தியும் முதலில் பொரிவது அவளுடைய இரும்புக் கல்லில்தான். ஆகவே சொல்வதற்கு அவனிடம் புதிதாக ஒன்றும் இல்லை.

அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அட்டையில என்ன படம் போட்டிருந்துச்சு?"

"முயல்."

"நான் ஜனவரியில குடுத்ததுல?"

"டிராகன்."

"அந்த டிராகன் இப்ப எங்க இருக்கு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பதினான்கு வருஷக் குடித்தனம் வேண்டாம் என்றது. "அலமாரிக்கு அடியில."

"நல்லதாப் போச்சு. அலமாரி ஆடலையே?"

"ஆடல."

"அது போதும். குடும்பம் ஆடினா என்ன, அலமாரி ஆடாம இருந்தாச் சரி." கத்தி டக் டக்கென்று போய்க்கொண்டிருந்தது. "அவ வரமாட்டா. நானும் வரமாட்டேன். இதுல பேச்சே இல்ல."

குளியலறை வாசலில் யோஷின் சிவப்பு வாளிக்குள் முகத்தை முக்கி மூச்சடக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். பத்து வயது. நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் ஒரு வாரமாகச் சாப்பிடுகிறாள், வீட்டுப் பாடமும் எழுதுகிறாள். ஐம்பத்தொரு விநாடிதான் அவளுடைய சாதனை. அம்மா சொன்னது வாளிக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் சொட்டச் சொட்டத் தலையைத் தூக்கினாள். அழுவாள் என்று சின்தே எதிர்பார்த்தான். அவள் அழவில்லை, கேள்வி கேட்டாள்.

"மாமா என்னைய இழுப்பாராம்மா?"

கத்தி நின்றது. "யாரு சொன்னா?"

"ஸ்கூல்ல எல்லாரும் சொல்வாங்க. கால்வாய்ப் பக்கம் போனா ஆஹோங் இழுப்பான்னு. ஆஹோங்னா எங்க மாமான்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல." யோஷின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கண்ணைச் சுற்றி இரண்டு வட்டத் தழும்பு. "நான் அவரு தங்கச்சி பொண்ணுதானே? தெரிஞ்சாக்கூட இழுப்பாரா?"

பீயுன் முட்டைக்கோஸை அப்படியே விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அன்றைக்கு மிச்சத்தை நறுக்கி வதக்கியது சின்தேதான், உப்பும் கூடிப்போனது.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது அது. ஆஹோங்குக்குப் பதினொரு வயது, பீயுனுக்கு எட்டு. வெக்கை தாளாமல் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கால்வாய் மதகுப் பக்கம் குதித்துக்கொண்டிருந்தார்கள், விளையாட வேறு இடம் ஏது? அண்ணன் தன்னுடைய நீலச் செருப்பைக் கழற்றி, பத்திரமா வச்சிரு, யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க என்று தங்கையிடம் கொடுத்துவிட்டுக் குதித்தான். அவள் பத்திரமாக வைத்திருந்தாள். ஆட்கள் வந்து தேடி, அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் செருப்பைக் கையில் பிடித்தபடி கரையிலேயே உட்கார்ந்திருந்தாளாம். ஏழாம் மாதத்தில்தான். பிள்ளை போன துக்கம் ஒரு பங்கு என்றால், அதற்குப் பிறகு ஊர் செய்தது ஒன்பது பங்கு. பிள்ளைகளை மிரட்ட ஒரு பேர் வேண்டியிருந்தது, ஆஹோங்கின் பேரை எடுத்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் தன் கூடப் பிறந்தவன் ஊருக்கெல்லாம் பூச்சாண்டியாகி நிற்பதை முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே முட்டை புரட்டிப் போடுவது லேசுப்பட்ட காரியமா? சின்தேக்கு அது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் பூங்காவை ஆமான் அக்கா தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அவள் கேன்டீன் நடத்துகிறவள்தான், கணவாய் சூப்பும் மாம்பழ ஐஸும் விற்க வந்தவள்தான். ஆனால் எதை எங்கே எப்படிப் படைக்க வேண்டும் என்று அங்கே தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். கோ ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

"அவங்கள விட்டுட்டு நாம மொதல்ல கொண்டாடினாத்தான் தப்பு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாசல்ல மேசை போடு. மொதப் பந்தி அவங்களுக்கு. வயிறு நெறஞ்சவன் எதுக்கு இன்னொருத்தனப் புடிச்சு இழுக்கப் போறான்? ஊதுவத்தி எரிஞ்சு அடங்கினப்புறம் மூணு மணிக்கு நாம திறப்போம். அஞ்சு மணிக்கெல்லாம் ஒருத்தரும் தண்ணியில இருக்கக்கூடாது. எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன்கா. பழம் என்ன வாங்கணும்?"

"வாழைப்பழம் மட்டும் ஆகாது. அந்தப் பேரு நம்ம பேச்சுல 'வா'ன்னு கேக்கும், கூப்பிட்டு ஒக்கார வச்ச மாதிரி ஆயிரும். அப்புறம் நூடுல்ஸ், பிஸ்கட், டின்ல வர்ற ஜூஸு. தூரத்துல இருந்து வர்றவங்க, மொகங் கழுவ பேசின், புதுத் துண்டு, சீப்பு. சீப்ப மறந்துறாத. பொம்பளைங்களும் வருவாங்க."

பிறகு அவள் கண் வாசலுக்கு மேலே கட்டியிருந்த பேனரின் மீது போனது. 'ஒரு முறை வந்தால் திரும்பிப் போகவே மனம் வராது!' அதற்குக் கீழே இன்னொன்று: 'ஒருவர் வந்தால் இன்னொருவரை இலவசமாக இழுத்து வரலாம்!' ஆமான் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த அறிவாளி யாருப்பா?"

கோ மெதுவாகக் கையைத் தூக்கினான்.

மத்தியானத்துக்குள் இரண்டும் இறங்கின. அந்த இடத்தில் ஆமான் அக்காவே வாசகம் சொல்லி, கோ தன் கைப்பட எழுதிய புதுப் பேனர் ஏறியது: 'விளையாடி முடித்ததும் அவரவர் வீட்டுக்குப் போகவும்.' விளம்பரம் படித்த பையன் அதைப் பார்த்து உள்ளுக்குள் அழுதிருப்பான். ஆனால் சாயங்காலத்துக்குள் முன்பதிவை ரத்து செய்தவர்களில் பதினைந்து பேர் திரும்பப் போன் செய்தார்கள், இப்போதாவது அங்கே விஷயம் தெரிந்த ஆள் இருக்கிறதே என்று.

சின்தே சனிக்கிழமை முழுக்கப் பம்புகளோடு மல்லுக்கட்டினான். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல் வழக்கம்போலப் பச்சை உறை போட்ட தின்பண்டப் பொட்டலம் ஒன்றை வைத்தான். அந்தத் தின்பண்டத்தின் பேருக்கே 'சமர்த்து' என்றுதான் அர்த்தம், அது இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும். கோ அவசரத்தில் மஞ்சள் உறையை வாங்கி வந்திருந்தான், மஞ்சளுக்கு இயந்திரம் படுத்துக்கொள்ளும். அதை இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகத் தின்று தீர்த்துவிட்டு, பச்சைக்கு ஆள் அனுப்பினார்கள். மூன்றாம் நம்பர் பம்ப் கடைசியில் முனகலை நிறுத்தி ஒழுங்காக ஓடியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவனுக்கோ வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவுதான் ஞாபகம் வந்தது. அங்கே ஒட்டியிருந்த, நாட்களை எண்ணும் கட்டம் போட்ட தாளை யோஷின் தானே கிழித்துக் குப்பையில் போட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது பீயுன் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவள் பேசியதெல்லாம் 'சாப்பிடு', 'விளக்க அணை' இந்த இரண்டுதான்.

"அந்தத் திமிங்கலத்துல ஏற எவ்வளவு ஒயரம் இருக்கணும்?" என்று திடீரென்று கேட்டாள்.

"நூத்தி இருபது சென்டிமீட்டர். யோஷின் நூத்தி முப்பத்திரண்டு, தாராளமா..."

"நான் அவளுக்காகக் கேக்கல," என்றாள் பீயுன். கொஞ்ச நேரம் கழித்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், ஒரு துணிப்பையோடு வந்து, பையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். வீட்டு வாசலில் படைப்பதற்காக இருக்கும் என்று சின்தே நினைத்துக்கொண்டான். ஒவ்வொரு வருஷமும் அவள் வாசலில் ஒரு பேசினும் துண்டும் வைப்பாள், அதைப் பற்றி அவன் பேச்செடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. ஒரு மணிக்கெல்லாம் பூங்கா வாசலில் முப்பது மேசைகள் நிறைந்துவிட்டன. பூங்கா வைத்தது பாதிதான். மீதி ஊர்க்காரர்கள் தாங்களாகக் கொண்டுவந்தது, ஆமான் அக்கா போன் பண்ணாத வீடு கிடையாது. முழுக்கோழி, அரிசி மூட்டை, பீர் டின், ஒவ்வொன்றிலும் செருகிய ஊதுவத்தி. நானூறு பேருக்குக் குறையாத கூட்டம். பிள்ளைகள் சட்டைக்குள் நீச்சல் உடை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தாய்மார்கள் அவர்கள் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார்கள். நல்லண்ணன்மாருக்குப் படையல் வைக்க வந்தோம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் திமிங்கலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊதுவத்தி பாதி எரிந்திருந்தபோது பீயுனின் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் யோஷின். சின்தே பம்ப் அறையை விட்டு ஓடி வந்தான். பீயுன் அவனைத் தாண்டி நேரே டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள். ஆள் போதாமல் ஜன்னலில் கோவே உட்கார்ந்திருந்தான்.

"சின்னப் பிள்ளை டிக்கெட் ஒண்ணு குடு தம்பி."

"யோஷினுக்கு எதுக்குக்கா டிக்கெட்டு? தே அண்ணன் பொண்ணு..."

"இவளுக்கில்ல. எங்க அண்ணனுக்கு. பதினோரு வயசு."

ஜன்னல் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆஹோங்கின் தங்கை யார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், கோவைத் தவிர. கோ அவள் முகத்தைப் பார்த்தான், அவள் கையிலிருந்த ஊதுவத்தியைப் பார்த்தான். அந்தப் பையன் அன்றைக்குச் செய்த உருப்படியான காரியம் அடுத்துக் கேட்ட கேள்விதான். சிரிக்காமல், மற்ற பிள்ளைகளுக்குக் கேட்பது போலவே கேட்டான்.

"ஒயரம் நூத்தி இருபதுக்கு மேல இருப்பாராக்கா?"

"நூத்தி முப்பத்தெட்டு," என்றாள் பீயுன் உடனே.

கோ டிக்கெட்டைக் கிழித்து, முத்திரை குத்தி, இரண்டு கையாலும் நீட்டினான்.

அவள் கடைசி மேசையில் இடம் ஒதுக்கிப் பையைப் பிரித்தாள். பேசின், துண்டு, சீப்பு. பிறகு ஒரு சிறுவனுக்கான நீச்சல் கால்சட்டை, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காதது. நீச்சல் கண்ணாடி. கடைசியாக ஒரு ஜோடி நீலச் செருப்பு. அது மட்டும் புதிதில்லை. ரப்பர் வெளுத்து ஓரத்தில் வெடித்திருந்தது. டிக்கெட்டைச் செருப்பின் மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு ஜூஸ் டின்னை வைத்தாள். அந்தச் செருப்பு இத்தனை வருஷமாகத் தன் வீட்டில்தான் இருந்தது என்பது சின்தேக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்று மணிக்கு ஊதுவத்தி அடங்கியது. ஆமான் அக்கா கேன்டீன் மணியை அடித்தாள். யார் முதலில் இறங்குவது என்று, ரிப்பனை வெட்டிய ஊர்த்தலைவரை எல்லோரும் பார்த்தார்கள். தலைவர் இடுப்பில் கை வைத்து, தனக்கு இருக்கிற முதுகு வலியைப் பற்றி விளக்கமாகப் பேச ஆரம்பித்தார். கோ ஷூவைக் கழற்றினான். "நான் போறேன்."

"நீ எங்க போற?" ஆமான் அக்கா அவன் காலரைப் பிடித்தாள். "கல்யாணம் ஆகாத பையன். உனக்கு ஒண்ணு ஆனா உங்கம்மாவுக்கு நானா பதில் சொல்றது?"

ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் தன் மகனிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அதில் ஆஹோங் என்ற பேர் மட்டும் எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது. பீயுன் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"எத்தன படி இருக்கு?"

"அறுபத்திரண்டு."

"தண்ணியத் திற."

சின்தே ஓடினான். மூன்று பம்பும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. பம்ப் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் திமிங்கலத்தின் வாயும் குளமும் தெரியும், கழுத்தை வளைத்தால் வாலின் உச்சியும் தெரியும். அவன் கழுத்தை வளைத்தான். பீயுன் இரண்டு மிதவைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவது தெரிந்தது, பின்னால் யோஷின், ஒவ்வொரு படியையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு.

உச்சியில் நின்ற உயிர்காப்பாளர் பெண்ணிடம் பீயுன் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் விலகி நின்றாள். பீயுன் முதல் மிதவையைத் தண்ணீரில் வைத்தாள். யாரும் அதில் உட்காரவில்லை. காலை ஆறு மணிக்குத் தெருமுனை வரை கேட்கிற குரல் அவளுடையது. அந்தக் குரலை எடுத்தாள்.

"அண்ணா! மொதல்ல நீ போ. கீழ நின்னு இவளப் புடிச்சுக்கோ!"

கையை விட்டாள். மிதவை வாலுக்குள் போய் மறைந்தது.

நானூறு பேரும் திமிங்கலத்தின் வாயைப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் மூன்று சுற்றுக்குப் பதினெட்டு விநாடி ஆகும், சின்தே அதை இருநூறு தடவை அளந்திருக்கிறான். அன்றைக்கு அது முடியவே இல்லை. பிறகு மிதவை வாயிலிருந்து துள்ளி விழுந்தது. ஓரத்துக்குப் போகாமல் குளத்தின் நடுவில் நின்று மெல்லச் சுற்றியது. கீழே நின்ற உயிர்காப்பாளர் கழியை நீட்டி அதை ஓரமாக இழுக்கப் போனான்.

"தொடாத!" என்று கத்தினாள் ஆமான் அக்கா. "அவன் நிக்கட்டும். மருமகளப் புடிக்கணும்ல."

மேலே யோஷின் இரண்டாவது மிதவையில் உட்கார்ந்தாள். பீயுன் அவள் கண்ணாடியைச் சரி செய்தாள், முடியை ஒதுக்கினாள், மறுபடி கண்ணாடியைச் சரி செய்தாள். பிறகு தள்ளிவிட்டாள். வயிற்றுக்குள் ஒரு கூச்சல் சுற்றிச் சுற்றி வந்தது. முதல் சுற்றில் அது பயம், இரண்டாவதில் இன்னதென்று சொல்ல முடியாதது, மூன்றாவதில் சுத்தமான சிரிப்பு. யோஷின் வாயிலிருந்து பறந்து வந்து நடுக்குளத்தில் விழுந்தாள். அவள் மிதவை நேரே போய் அந்தக் காலி மிதவையில் இடித்து, அதோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா!" என்று கத்தினாள். "மாமா புடிச்சிட்டாரு!"

அவ்வளவுதான். முதலில் ஒரு பையன் தாயின் கையை உதறிக்கொண்டு ஓடினான், அவன் பின்னால் இன்னொருவன், பிறகு யாரையும் பிடித்து வைக்க முடியவில்லை. பின்வரிசையில் கிசுகிசுத்த பெண்ணே தன் மகனின் சட்டையைக் கழற்றிவிட்டு, "பயப்படாதடா, ஆஹோங் பாத்துக்குவான்," என்று சொன்னதை, பம்ப் அறையை விட்டு வெளியே வந்திருந்த சின்தே தன் காதால் கேட்டான். மறுபடி உள்ளே போய் நின்று, குழாயைத் துடைக்கிற அழுக்குத் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஐந்து மணிக்கு ஆமான் அக்கா மணியடித்து ஒவ்வொரு பிள்ளையாகக் கரையேற்றினாள். புதுப் பேனரில் இருந்தபடியே அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாசலில், நல்லண்ணன்மாருக்குப் போய்ச் சேரட்டும் என்று காகிதக் காசுகளை எரிக்கும் தகர உலையைப் பற்ற வைத்தார்கள். பீயுன் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நெருப்பில் போடப் போனவள் நின்று, அதைத் திருப்பிப் படித்தாள்.

"ஒரு நாளைக்கா போட்ட தம்பி?"

"ஆமாக்கா. எல்லாருக்கும் அதான்..."

"அவங்களுக்கு லீவு ஒரு மாசம்."

கோ சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். டிக்கெட்டைத் தன் முழங்காலில் வைத்து, நாளை அடித்துவிட்டு, 'ஏழாம் மாதம் கடைசி நாள் வரை செல்லும்' என்று திருத்தமாக எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டான். பீயுன் அதை வாங்கி நெருப்பில் இட்டாள். அது சுருண்டு கருகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பை அவள் நெருப்பில் போடவில்லை, பையிலும் வைக்கவில்லை. உள்ளே போய், திமிங்கலக் குளத்தின் கரையில் பிள்ளைகள் செருப்பு விடுகிற மரத்தட்டில் யோஷினுடைய ஈரச் செருப்பு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டையும் சேர்த்து ஒழுங்காக வைத்தாள்.

"இங்கயே விட்டுட்டா யாராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்கம்மா," என்றாள் யோஷின்.

"எடுக்க மாட்டாங்க," என்றாள் பீயுன். "வா, போலாம். அவன் ஏறி வர்றப்ப போட்டுக்குவான்."